ஆட்டோ-மியூட்

பழைய பெட்டி. இசிபிங்கோ பள்ளிக்கூடத்து ஏலத்தில்
எழுநூறு ராண்ட்.
விண்டோஸை அழித்து லினக்ஸ் ஏற்றினேன்.
திரை வந்தது, வைஃபை வந்தது,
பிரிண்டர்கூட முனகிக்கொண்டே ஒரு தாளைத் துப்பியது.
சத்தம் மட்டும் வரவில்லை.

எனக்குச் சத்தம்தான் சோறு.
டர்பன் கோர்ட்டின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத்
தட்டச்சு செய்கிறவள் நான்.
யார் என்ன சொன்னார், எங்கே இருமினார்,
பிடிபடாத இடத்தில் அடைப்புக்குறிக்குள்
'கேட்கவில்லை'.
திங்கள் காலை எட்டுக்கு நாற்பது பக்கம் போயாக வேண்டும்.
இன்று ஞாயிறு. ராத்திரி பத்துக்கு
சாட்ஸ்வொர்த்தில் கரண்ட் போகும்.
அது ஒன்றுதான் இங்கே நேரத்துக்கு வருவது.

ஸ்பீக்கரைப் பிடுங்கிச் செருகினேன்.
என் போனில் மாட்டினால் கத்துகிறது,
பெட்டியில் மாட்டினால் விரதம்.
கர்னலைப் புதுப்பித்தேன், பழையதற்கே திரும்பினேன்.
டிரைவர் ஏறியிருக்கிறது என்கிறது ஒரு கமாண்ட்.
சவுண்ட் கார்டு இருக்கிறது என்கிறது இன்னொன்று.
திரையில் ஒலிப்பட்டை பச்சையாய்த் துள்ளுகிறது,
மூடிய பஸ் கண்ணாடிக்குள்ளிருந்து
யாரோ ஏதோ சொல்லிக்கொண்டே போவதுபோல.

ஒன்பது பத்துக்குப் பூபாலனைக் கூப்பிட்டேன்.
அண்ணன். மிட்ராண்டில் சர்வர் மேய்க்கிறவன்.
அப்பாவின் கொரோலாவை என்னைக் கேட்காமல் விற்றதிலிருந்து
பதினோரு மாதம் பேச்சில்லை.
"சத்தம் வரல" என்றேன், வணக்கம் சொல்லாமல்.
"எந்தக் கார்டு?" என்றான், நலம் விசாரிக்காமல்.

கமாண்ட் நல்ல பாஷை.
அதில் 'ஏன்' என்ற சொல்லே கிடையாது.
அவன் எழுத்தெழுத்தாகச் சொன்னான்,
நான் அடித்தேன், வந்ததை வாசித்தேன்.
ஸ்பேஸ் விட்டியா. விட்டேன்.
சின்ன எல். அடிச்சாச்சு.
கார்டு ஜீரோ மானிட்டருக்குப் போகுது, மானிட்டருக்கு வாயில்ல,
ஒண்ணுக்கு மாத்து.
மாற்றினேன். இல்லை.
எஃப் சிக்ஸ் அழுத்து. வலது பக்கம் போ. இன்னும் போ.
கடைசியில என்ன இருக்கு?
"ஆட்டோ-மியூட். எனேபிள்டு."

அவன் பேசவில்லை கொஞ்ச நேரம்.
"முன்பக்க ஓட்டையில ஹெட்போன் மாட்டியிருக்கியா?"
இல்லையே.
"டார்ச் அடிச்சுப் பாரு."

பச்சைக் களிம்பு.
கடற்காற்று தின்ற தகடு வளைந்து
பக்கத்துத் தகட்டோடு ஒட்டிக் கிடந்தது.
யாரோ காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று
பெட்டி நம்பியிருக்கிறது இத்தனை நாளும்.
அவருக்கு இடைஞ்சல் வேண்டாமென்று
ஸ்பீக்கரின் வாயைப் பொத்தியிருக்கிறது.
பழுதில்லை. மரியாதை.

கீழ் அம்பு. டிஸேபிள்டு.
மாஜிஸ்திரேட் வீடு அதிர இருமினார்.
எதிர்வீட்டு நாய் எழுந்து பதில் சொன்னது.
"யாரது?" என்றான் பூபாலன்.
"எனக்குச் சம்பளம் தர்றவர்" என்றேன்.
சிரித்தான். சிரித்தது கேட்டது.
அப்புறம் போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்து
ரெண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் வழக்கைக் கேட்டோம்.
காணாமல் போன கார் ஒன்று.
நானும் ஒன்றும் சொல்லவில்லை, அவனும்.

பத்து.
பெட்டியின் விசிறி ஒரு பெருமூச்சோடு நின்றது.
தெரு முழுக்க இருட்டு, ஹைவேயில் மட்டும் விளக்குகள் நகர்கின்றன.
போனில் அவன் இன்னும் இருந்தான்.
"சேவ் பண்ணினியா?"
இல்லை.
"முறையா அணைச்சாத்தான் ஞாபகம் வச்சுக்கும்.
பொசுக்குனு செத்தா மறந்துடும்.
கரண்ட் வந்ததும் மறுபடி முதல்லேர்ந்து..."
வழி தெரியும் என்றேன். எஃப் சிக்ஸ், வலது, கடைசி.
"ம்."

வைக்க வேண்டியதுதான். வைக்கவில்லை.
டவரின் பேட்டரியும் தீருகிற நேரம்,
லைன் கரகரக்க ஆரம்பித்தது.
கியர்பாக்ஸ் என்று ஒரு சொல், பிறகு கடன்,
பிறகு என் பெயர், சலோ,
அதற்குப் பிறகு ஒரு நீளமான வாக்கியம்.

இருட்டில் விரல்கள் தாமாகவே
செத்த கீபோர்டின்மேல் அடித்தன,
அடைப்புக்குறி, சொல், அடைப்புக்குறி:

(கேட்கவில்லை)